ஆஸ்னி வெட்டாத நகங்கள்

சாவு வீட்டுக்குள் நுழையும்போது ஆஸ்னி யாரிடமும் துக்கம் விசாரிக்க மாட்டாள். அழுகிறவர்களைத் தாண்டிப் போய்ப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் வேணும்" என்பாள். கண்ணை மூடுவாள், மூக்கை அடைப்பாள். கால் நகங்களை வெட்டிவிட்டுத் தோல் செருப்பை இறுக்கிக் கட்டுவாள். செத்தவர்களை ஆளுகிற ஹெல்லின் வீட்டுக்குப் போகிற பாதை கல்லும் முள்ளும் நிறைந்தது, வெறுங்காலோடு யாரையும் அனுப்ப முடியாது. கடைசியாகக் கைகளை ஒவ்வொன்றாகத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டுவாள். அதற்குத்தான் அவளைக் கூப்பிடுவதே.

எங்கள் கால்டாவிக் குடாவில் ஒன்பது பண்ணைகள். முப்பது வருஷமாக ஒன்பதிலும் செத்தவர்களுக்கு நகம் வெட்டியது அவள்தான். ஏன் வெட்ட வேண்டும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. பால் குடிக்கிற வயதிலேயே தெரிந்துவிடும். செத்தவர்களின் நகத்தால் ஒரு கப்பல் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது முடிகிற நாளில் தேவர்களுக்குத் துரோகம் செய்த லோகி சுக்கானைப் பிடிப்பான், அரக்கர்கள் ஏறிக்கொள்வார்கள், தேவர்களும் நாமும் ஒன்றாக அழிவோம். வெட்டாமல் விட்ட நகம் ஒவ்வொன்றும் அந்தக் கப்பலுக்கு ஒரு பலகை. அந்த நாளைத் தள்ளிப்போடத் தோர் தன் சுத்தியலோடும் ஓடின் தன் ஈட்டியோடும் என்ன செய்கிறார்களோ, நான் பார்த்ததில்லை. எங்கள் குடாவில் தள்ளிப்போட்டது ஆஸ்னியின் சின்னக் கத்தி. எங்கள் ஆண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் சாகப்போகிற சமயத்தில், "ஆஸ்னிக்கு ஆள் அனுப்பியாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

வாய் பொல்லாதது அவளுக்கு. ஒரு கஞ்சப் பண்ணைக்காரனுக்கு நகம் வெட்டும்போது, அவன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், "உயிரோட இருந்தப்ப ஒரு பிடி வைக்கோல் கொடுத்ததில்ல, இப்பப் பாரு, பத்து நகத்தையும் மறுபேச்சுப் பேசாம கொடுக்கறான்" என்றாள். அந்தப் பெண்டாட்டியே சிரித்துவிட்டாள்.

தன் அப்பாவைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. நார்வேயிலிருந்து இந்தத் தீவுக்கு வரும்போது அவர் தோர் முகம் செதுக்கிய வீட்டுத் தூண்களைக் கடலில் தள்ளிவிட்டு, அவை எங்கே ஒதுங்குகின்றனவோ அங்கே குடியேறுவது என்று வந்தவர். "தோருக்கு எங்க அப்பன்மேல என்ன கோவமோ! பக்கத்துக் குடாவுல புல்லு இடுப்பளவு நிக்குது. தூணைக் கொண்டாந்து இந்தக் கல்லாங்காட்டுல சொருகிட்டான்" என்பாள். அந்தக் கல்லாங்காட்டில்தான் கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு மகனைப் பெற்றாள். மகன் தவழ்கிற வயதில் புருஷன் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போனான். உடம்பு கிடைக்கவில்லை. அவன் நகங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தாள்.

மகன் பெயர் வேமுண்ட். நல்ல பையன், கொஞ்சம் வாயாடி, அம்மாவின் பிள்ளை. அவனிடம் ஃப்ரேயர் தேவனுக்கு நேர்ந்துவிட்ட ஒரு ஆண் குதிரை இருந்தது. கோடையில் குதிரைச் சண்டை நடக்கும். இரண்டு குதிரைகளையும் மோதவிட்டு, ஆளுக்கொரு கழியோடு பின்னால் நின்று தூண்டுவார்கள். அந்த வருஷம் எதிரே நின்றவன் அடுத்த பண்ணை கோல்பெய்ன். அவன் குதிரை பின்வாங்கியது. வேமுண்ட் சும்மா இருந்திருக்கலாம். "உன் குதிரைக்கும் உன்னை மாதிரியே பொண்டாட்டிகிட்ட ஓடற புத்தி" என்றான். கூட்டம் சிரித்தது. கோல்பெய்ன் கையிலிருந்த கழியால் ஒரே அடி. கொல்ல நினைத்து அடிக்கவில்லை, நான் அங்கேதான் நின்றேன். ஆனால் மூன்றாம் நாள் வேமுண்ட் செத்துப்போனான். தன் மகனுக்கு ஆஸ்னியே நகம் வெட்டினாள், வேறு யாரையும் தொட விடவில்லை.

வழக்கு தீர்க்கிற சபை கோல்பெய்னை மூன்று வருஷம் நாடு கடத்தியது. போனான், திரும்பி வந்தான். வந்தவன் பழைய ஆளாக இல்லை. குதிரைச் சண்டைப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆஸ்னி வீட்டுப் பாதையைத் தவிர்த்து மலையைச் சுற்றிப் போவான். பழிக்குப் பழி வாங்க அவளுக்கு ஆண்துணை கிடையாது. அது அவனுக்கும் தெரியும், அதனாலேயே அவன் அதிகம் கூனிப்போனான் என்று எனக்குத் தோன்றும். நான்கு வருஷம் கழித்து நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையிலேயே போனான். அவன் மனைவி ஸ்டெயின்வோர் ஆள் அனுப்பியபோது நான் ஆஸ்னி வீட்டில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தேன்.

"போகாதீங்க அக்கா. உங்களைக் கூப்பிட அவளுக்கு என்ன தைரியம்?" என்றேன்.

"செத்தவன்ல ஏதுடி எதிரி. வா, தண்ணி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

உள்ளே எல்லாவற்றையும் வழக்கம்போலச் செய்தாள். நான் வெந்நீருக்கும் துணிக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வாசலில் ஸ்டெயின்வோர் நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சுதுங்களா? நகமும்?"

"முடிஞ்சுது."

ஸ்டெயின்வோர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆஸ்னி மரம்போல நின்றாள். பகையாளி வீட்டு அணைப்பு, வேறெப்படி நிற்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே கோல்பெய்னைக் கற்குவியலுக்குள் வைத்து மூடினார்கள்.

அடுத்த வருஷம் கோடை வரவில்லை. ஆனி மாதத்திலும் குடாவில் பனிக்கட்டி மிதந்தது, புல் முழங்காலுக்குக்கூட எழும்பவில்லை. பாதி ஆடுகளை அறுத்தோம். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. சூரியன் என்று ஒன்று வந்தது, தெற்கே எந்த மலையோ கக்கிய சாம்பலுக்குப் பின்னால் சாணி உருண்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பண்ணைகளில் பேச்சு தொடங்கிவிட்டது. நடுவில் கோடை இல்லாமல் மூன்று குளிர்காலம் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் அதுதான் முடிவு, கப்பல் கிளம்பிவிடும். இரண்டு ஆயிற்று. மூன்றாவதும் முடிந்து, கோடை வர வேண்டிய நேரத்தில் குடாவின் வாயில் மறுபடி பனிக்கட்டி.

ஆஸ்னி இளைத்துக்கொண்டே வந்தாள். கேலி நின்றுபோனது. கரையில் நின்று கடலையே பார்ப்பாள். ஒரு நாள் காலை கருவாட்டில் வெண்ணெய் தடவி நீட்டினேன். வாங்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி ஹல்லா, டீர் தேவனுக்கு ஏன் ஒரு கை இல்ல?"

"இதென்ன கேள்வி? உலகத்தை விழுங்கப் போற ஓநாயைக் கட்டணும்னு தேவர்கள் எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னாங்க. அந்தப் பொய்க்கு ஈடா அவன் ஓநாய் வாயில கையை வச்சான். கடிச்சிருச்சு."

"அவன் பொய்யால உலகம் தப்பிச்சுது. என் பொய்யால உலகம் அழியப் போகுது. எனக்கு ரெண்டு கையும் இருக்கு பாரு."

பிறகு சொன்னாள். "கால் நகத்தை வெட்டினேன். செருப்பு கட்டினேன். அவன் கையைத் தூக்கி மடியில வச்சேன். வலது கை. அந்தக் கைதானேடி அது! எனக்குக் கத்தி ஓடல. ரெண்டு கையையும் துணிக்குள்ள மறைச்சுட்டு எழுந்து வந்துட்டேன். பத்து நகம், ஹல்லா."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. என் பிள்ளைகள் அரை வயிற்றுக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரம். "உங்க மகன் செத்ததுக்கு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் சாகணுமா?" என்று கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் மனசே கேட்கவில்லை.

"ஒரு ஆளோட பத்து நகத்துல கப்பல் முடிஞ்சுருமா அக்கா?"

"கடைசிப் பலகை எதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

கல்லறையைத் திறக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் கேட்காமல் திறந்தால் அது பிணக்கொள்ளை, அதைவிடக் கேவலம் எங்களிடையே கிடையாது. ஸ்டெயின்வோரிடம் கேட்டாக வேண்டும். ஆண்கள் எல்லாரும் கோடைச் சபைக்குக் கிளம்பும்வரை காத்திருந்தோம். கிளம்பிய மறுநாள் காலையே போனோம்.

ஸ்டெயின்வோர் தயிர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஸ்னி உட்காரக்கூட இல்லை. "உன் புருஷனுக்குக் கை நகம் வெட்டல. வெட்டினேன்னு பொய் சொன்னேன்" என்றாள்.

பானை கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டெயின்வோர் பேசினாள்.

"சாகறதுக்கு முந்தின நாள் அவர் சொன்னாரு. ஆஸ்னியைத் தவிர யாரும் என்னைத் தொடக் கூடாது. அவங்க நகத்தை வெட்டிட்டாங்கன்னா பகை தீர்ந்துச்சுன்னு அர்த்தம். வெட்டலைன்னா அதுவும் நியாயம்தான், ஒண்ணும் கேக்காதேன்னாரு. நான்தான் பொறுக்க மாட்டாம வாசல்லயே கேட்டேன்." பானையைக் கீழே வைத்தாள். "என் பசங்ககிட்ட, உங்க அப்பன் கணக்கு தீர்ந்துச்சுடா, தலை நிமிர்ந்து நடங்கன்னு சொல்லியிருக்கேன். இத்தனை நாளா ராத்திரி தூங்கினது அந்த ஒரு வார்த்தையிலதான். இப்ப வந்து இல்லைங்கறீங்க."

"ஆமா. இல்லை."

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது இனிப்பாகச் சொல்லி ஒட்டவைக்கலாம் என்று பார்த்தேன். ஆஸ்னி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஸ்டெயின்வோர் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தாள். "நடங்க" என்றாள்.

மூன்று பெண்கள் மத்தியானம்வரை கல்லைப் புரட்டினோம். கற்குவியலுக்குள் இருக்கிறவர்கள் சில சமயம் எழுந்து உட்காருவார்கள். கடைசிப் பலகைக்கல்லை நகர்த்துவதற்கு முன்னால் ஸ்டெயின்வோர் குனிந்து, "நான்தான் வந்திருக்கேன். எழுந்திரிக்காதீங்க, சீக்கிரம் போயிருவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குளிரில் அவன் காய்ந்து சுருங்கியிருந்தான், அழுகவில்லை. ஆஸ்னி மறைத்து வைத்தபடியே கைகள் துணிக்குள் இருந்தன. நகங்கள் நீளமாக, மஞ்சளாக. ஆஸ்னி கத்தியை எடுத்தாள்.

"நீங்க தொடாதீங்க" என்றாள் ஸ்டெயின்வோர். "பகை இருக்கறவங்க தொட வேணாம். கத்தியைக் கொடுங்க."

அவளே வெட்டினாள். பழக்கமில்லாத கை, நேரமெடுத்தது. வெட்டிய நகத்தை அடுப்பில் போட ஒரு துணியில் சேர்த்துக்கொண்டே வந்தாள். இடது கை ஐந்தும் முடிந்தது. வலது கையில் நான்கு. கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள். கத்தியை ஆஸ்னியிடம் நீட்டினாள்.

"இது ஒண்ணு உங்களோடது. விட்டுட்டுப் போறதுன்னா போங்க. மூடிடலாம். நான் யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்."

ஆஸ்னி கத்தியை வாங்கிக்கொண்டாள். குழிக்குள் இறங்கி, அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பிறகு அசையவே இல்லை. அவள் வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது, மகன் பெயரா, வசவா, எனக்குக் கேட்கவில்லை. குடாவில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மேலே வரை வந்துகொண்டிருந்தது. வெட்டிவிடு அக்கா, வெட்டிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். என் பிள்ளைகளுக்காகத்தான் கெஞ்சினேன், அவளுக்காக அல்ல. ஸ்டெயின்வோர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெட்டினாள். ஒரே வெட்டு. நகம் தெறித்துப் போய்க் கற்களுக்கிடையில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்துத் துணியில் போட்டாள். கையைப் பழையபடி அவன் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஏறி வந்தாள். முகம் நனைந்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல்.

"இதை வச்சுப் பகை தீர்ந்துச்சுன்னு எண்ணிக்காதே, ஸ்டெயின்வோர். உலகத்துக்காக வெட்டினேன். அவனுக்காக இல்ல."

"எண்ணமாட்டேன்" என்றாள் ஸ்டெயின்வோர், முதல் கல்லைத் தூக்கிக்கொண்டே.