நாலடிக் கதவு

தூரம் எவ்வளவு என்று அவரிடம் கேட்டால் கிலோமீட்டர் கணக்கே வராது. கடைவீதி ஆறு நிமிஷம். மகள் வீடு நாலு மணி இருபது நிமிஷம், அதுவும் மழை இல்லையென்றால். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டிய மனுஷன், வேறெப்படிப் பேசுவார்? கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு நிமிஷக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில்கூடச் சொந்தப் பெயருக்குக் கீழே அதைப் பொறித்துத் தொலைத்தார்கள். அவருக்கு அதில் கோபம், அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. ஆனால் தரைக்குக் கீழே, சலவைப் பிரிவில். ஆள் உயர மெஷின்கள், நாள் முழுக்க ஆவி, மூட்டை மூட்டையாகப் போர்வைகள். எல்லோருக்கும் அவர் சலவையக்கா. அந்த அறையில் ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி போட்ட சந்து ஒன்று உண்டு, அதில் வெளியே நடக்கிறவர்களின் செருப்பு தெரியும். வெளியில் மழையா வெயிலா என்பதை அக்கா செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இருபத்தெட்டு வருஷம் இப்படி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் என்ன வாழ்கிறது? மாடிக் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்துக் கழிவுநீர்க் குழாய்.

அதனால் அக்கா வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு ஏரிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காமலே தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு துண்டு மனையை வாங்கிப் போட்டபோது நிமிஷக்காரர் யோசிக்கவே இல்லை. ஓய்வெல்லாம் எங்கேயோ இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆசாமிக்கு நிமிஷக் கணக்கு வருமே தவிர வருஷக் கணக்கு வராது.

இப்போது ஓய்வும் வந்துவிட்டது, வீடு கட்டித் தர ஒத்துக்கொண்ட மேஸ்திரியும் ஒற்றைக் காலில் நிற்கிறார். "அண்ணே, மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் எழும்பணும். வர்ற ஞாயித்துக்கிழமை நூல் கட்டி அளவு போட்டுட்டா வேலைய ஆரம்பிச்சிடுவேன். இல்லேன்னா வேற கட்டடத்துக்குப் போயிடுவேன், அடுத்த வருஷந்தான்." கட்டலாமா வேண்டாமா என்று நிமிஷக்காரர் மகளிடம் போனில் கேட்டார். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என்னை நாட்டாமை ஆக்காதீங்கப்பா" என்று அவள் நழுவிவிட்டாள்.

நிமிஷக்காரர் வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் கண்டுபிடித்தார். மண் சரியில்லை என்றார். அக்கா மேஸ்திரியிடமே கேட்டு, மண் கல்லு மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னார். கொசு என்றார். "இங்க மட்டும் என்ன, கொசு உங்ககிட்ட அனுமதி வாங்கிட்டா கடிக்குது?" என்றார் அக்கா. பேச்சுத் துணைக்கு ஆளிருக்காது என்றார். "இங்க மட்டும் நீங்க வாயைத் திறந்து பேசிக் கிழிக்கிறீங்களாக்கும்!"

உண்மைக் காரணம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிமிஷக்காரர் காதில் அது ஏறவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், டாக்டரா அந்த ரோட்டில் வண்டி ஓட்டினார்? ஏரி ரோட்டுக்கு அவர் ஆம்புலன்ஸ் பதினேழு தடவை போயிருக்கிறது. ஒருத்தரைக்கூட உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததில்லை. இதை அவர் வீட்டில் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரிப் பேச்சை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்பது கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்த வாரத்தில் மூன்று நாள் காலையில், காய்கறி வாங்கப் போகிறேன் என்று புளுகிவிட்டுத் தன் பழைய காரில் ஏரிக்குப் போய் மனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிப் பார்த்தார். முதல் நாள் ஐம்பத்திரண்டு நிமிஷம். அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியும் நாற்பத்தொன்பது. மூன்றாம் நாள் ரயில்வே கேட் போட்டுவிட்டான், அறுபத்தொன்று. கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது பின்சீட்டில் அக்கா படுத்திருப்பதாக ஒரு நினைப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். போர்வையை எடுத்தால் நாலு மூலையும் ஒன்றாக நிற்கும், அத்தனை வருஷப் பழக்கம்.

"காய் எங்க?"

"நல்லதா இல்ல."

"மூணு நாளா ஊர்ல ஒரு காய்கூட நல்லதா இல்லையா? கார் சக்கரத்துல செம்மண்ணு அப்பிக் கெடக்கு. ஏரிக்குத்தானே போயிட்டு வர்றீங்க?"

வகையாக மாட்டிக்கொண்டார். இனி என்ன மறைப்பது? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, அறுபத்தொன்று, அந்தப் பதினேழு பேர். "எனக்குப் பயமா இருக்கும்மா. உன்னைப் பின்னாடி போட்டுக்கிட்டு அந்த ரோட்ல என்னால ஓட்ட முடியாது" என்றார்.

அக்கா போர்வையைக் கீழே வைக்கவில்லை. "பதினேழுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"செத்தவங்க போர்வை தனி மூட்டையில கீழ வரும். மேல வண்டி நம்பர் கட்டியிருக்கும். உங்க நம்பர், ஓரத்துல செம்மண்ணு. நான்தானே துவைச்சேன்? அன்னிக்கெல்லாம் நீங்க வர்றதுக்குள்ள குளிக்கச் சுடுதண்ணி போட்டு வச்சேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

வீட்டில் சுடுதண்ணீர் இருந்தது, குளித்தார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தான் என்ன ஜென்மம் என்று நிமிஷக்காரருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"இத்தனையும் தெரிஞ்சும் அங்க போகணுங்கிறியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வண்டிய எடுக்கவே வேணாம். பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கங்க, அது போதும். அதுக்கு மட்டும் ஒரு வாக்குக் குடுங்க."

நிமிஷக்காரர் போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்கக் கை கொடுத்தார். அப்புறம் "சரி" என்றார். அந்த நிமிஷத்தில் அதை மனசாரத்தான் சொன்னார், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சமையலறை நாற்காலியைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. ஏரியில் காற்றே இல்லை. கரையோரம் ஏழெட்டு வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மேஸ்திரி முளைக்குச்சி, நூல்கண்டு, சுண்ணாம்புத் தூளோடு காத்திருந்தார். அக்கா விறுவிறுவென்று நடந்துபோய், மனையின் ஏரிப் பக்கத்து ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சட்டம் மாதிரி பிடித்தார். "மேஸ்திரி, இங்கதான் ஜன்னல். இவ்வளவு உயரம். இதுக்கு மேல வேணாம்." அறுபது வயசு மனுஷி சின்னப் பிள்ளை மாதிரி சிரித்ததை நிமிஷக்காரர் பார்த்தார். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மேஸ்திரி நூலைக் கட்டிக்கொண்டே வந்தார். படுக்கையறை வாசலுக்கு வந்ததும் கேட்டார். "கதவு மூணடி போதும்ல, அண்ணே?"

"நாலடி வைங்க."

"படுக்கையறைக்கு யாருண்ணே நாலடி வைப்பாங்க? யானையா கட்டப் போறீங்க?"

"நாலடி வைங்கன்னா வைங்க. வெளியில வர்ற நடையில வளைவு கூடாது, நேரா இருக்கணும். படி எங்கயும் வேணாம், சரிவு போதும்." அவர் இப்போது மேஸ்திரிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கண் தரையில் இருந்தது, கை காற்றில் அளந்தது. "வண்டி பின்பக்கமா வந்து கதவை ஒட்டி நிக்கணும். ரோட்டுப் பக்கம் பாறை, அங்க திரும்பாது. இந்தப் பக்கம்தான் சமமா இருக்கு. இதை வண்டிக்கு விட்டுடுங்க." நடந்து நடந்து நாற்காலி வரை வந்துவிட்டார். குறுக்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் பட்டது. "ஏம்மா, கொஞ்சம் எந்திரி. நாற்காலிய அப்படித் தள்ளிப் போட்டுக்க, இங்கதான் வண்டி நிக்கணும்."

அக்கா எழுந்தார். எழுந்த பிறகுதான் நிமிஷக்காரருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது.

"அப்போ ஜன்னல் எங்க வரும், மேஸ்திரி?" என்று கேட்டார் அக்கா.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பாறைப் பக்கம் வைக்கலாம்க்கா. வெளிச்சம் வரும்."

அக்கா புருஷன் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார், அக்கா கோபப்படவில்லை. "உங்க மேல தப்பு சொல்லலைங்க. வாக்குக் குடுத்தீங்க, உங்களால முடியல. உங்க கண்ணுக்கு நான் இப்பவே ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கேன். இங்க வந்தா நான் தண்ணியப் பாத்துக்கிட்டு இருப்பேன், நீங்க என் மூச்சைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இந்த வீட்டுல நான் உங்க பொண்டாட்டியா இருக்க மாட்டேன், கேஸாத்தான் இருப்பேன். எனக்கு வேணாம்."

மூணடிக் கதவே போதும், வண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஜன்னலை நீ சொன்ன இடத்திலேயே வைக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லியிருந்தால் அக்கா ஒருவேளை நம்பியிருக்கலாம். ஆனால் மூணடிக் கதவு வைத்தால் ஸ்ட்ரெச்சரை எந்தக் கோணத்தில் சாய்த்து வெளியே எடுப்பது என்று அந்த நிமிஷமே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அவரால் அதை நிறுத்த முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் சோறு போட்ட புத்தி அது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நூலச் சுத்திடுங்க, மேஸ்திரி. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்" என்றார் அக்கா. மேஸ்திரி முளைக்குச்சிகளைப் பிடுங்கி, நூலைச் சுற்றிக்கொண்டு, தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சுண்ணாம்புக் கோடு மட்டும் கிடந்தது.

"கிளம்பலாமா?" என்று கேட்டார் நிமிஷக்காரர். கேட்கவே நா கூசியது.

"நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன். நீங்க போய்க் கார்ல இருங்க."

அக்கா நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். நிமிஷக்காரர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். அங்கிருந்து முதுகு மட்டும்தான் தெரிந்தது. தோள் ஏறி இறங்குகிறதா இல்லையா என்பது அந்தத் தூரத்துக்குப் பிடிபடவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சாவியைத் திருப்பி என்ஜினைப் போட்டு, காலைப் பெடலில் வைத்துக்கொண்டார்.

சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.