நாலு நிமிடக் குளியல்

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அழைப்பாள். இருபது நிமிடம் பேசினால் அதில் பாதி அந்த அன்ரிக்குப் போய்விடும். அன்ரி, மகள் தங்கியிருந்த பல்கலைக்கழக விடுதியின் அலுவலகத்தில் வேலை செய்பவர். தமிழ்நாட்டுக்காரர். விடுதியில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் முயற்சியை நடத்தியவரும் அவர்தான். எந்த மாடி குறைவாகத் தண்ணீர் செலவழிக்கிறது என்று மாடிகளுக்குள் போட்டி. மூன்றாம் மாடிக்கு என் மகள் பொறுப்பு.

"அன்ரி சொன்னவா, சுடுதண்ணி வருமட்டும் ஓடுற பச்சைத்தண்ணியை வாளியிலை பிடிக்கோணுமாம். எவ்வளவு வீணாப் போகுது தெரியுமே அம்மா?"

தெரியாமல் என்ன? நகரத்தின் மேற்கோரத்தில், வெரிபீயில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அதே வாளியை நான் பத்து வருடமாக வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் அதைக் காலால் தள்ளிவிட்டுத்தான் குளிப்பாள். "இது யாழ்ப்பாணமில்லை அம்மா" என்பாள். அன்ரி சொன்னதும் வாளி நல்ல வாளியாகிவிட்டது.

"குளிர் லீவுக்கு வீட்டை வருவாய்தானே?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. அன்ரியோட நிண்டு ஒழுகுற பைப்பெல்லாம் பார்க்கோணும்."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன்.

அந்தக் கிழமை, முன்பு நகரத்தின் மறுகோடியில், டண்டினொங்கில் என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி திடீரென்று இறந்துபோனாள். என் வயதுதான். இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்தில் சவப்பெட்டிக்கருகே அவளுடைய மகள் நின்றாள். வேறு நகரத்திலிருந்து விமானத்தில் வந்திருந்தாள். கிட்டப் போன ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள்: "வியாழக்கிழமை அம்மா போன் எடுத்தவா. பிறகு எடுப்பம் எண்டு விட்டிட்டன்." என்னிடமும் சொன்னாள். வெளியே வந்து காரில் ஏறினேன்.

நேரே வீட்டுக்குப் போய் முழுகியிருக்க வேண்டும். சாவீட்டுக்குப் போனால் முழுகாமல் எதையும் தொடக்கூடாது என்றுதான் வளர்ந்தேன். ஆனால் வீடு நகரத்தின் மறுபக்கம். மகளின் விடுதி வழியில் இருந்தது. மாற்றுடுப்பும் காரில் இருந்தது. அவளை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

கதவைத் திறந்தவள் கட்டிப்பிடிக்க வந்தாள்.

"தொடாதை! முழுகிப்போட்டு வாறன். பாத்ரூம் எங்கை?"

"என்னம்மா? ஏன் சாறியோட?"

"பிறகு சொல்லுறன்."

குளியலறையை அடுத்து உடுப்புத் தோய்க்கும் அறை. அங்கிருந்த தொட்டியில் சேலையைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். சுவரில் மகள் எழுதி ஒட்டிய அறிவிப்பு ஏழெட்டு மொழிகளில் இருந்தது. தமிழில், "குழாயை மூடுங்க." எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பைப்பைப் பூட்டு" என்றுதான் நான் அவள் பிறந்த நாள் முதல் கத்தியிருக்கிறேன். என் பிள்ளையின் கையெழுத்தில் இன்னொருத்தியின் தமிழ். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்த எரிச்சலில், தொட்டி நிறையட்டும் என்று குழாயை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலையில் ஷாம்பூ போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கையில் தண்ணீர் நின்றது. அன்ரியின் ஏற்பாட்டில் ஷவர் நாலு நிமிடம் முடிந்தால் தானாக நின்றுவிடும், கொஞ்ச நேரம் காத்திருந்துதான் திரும்ப அழுத்த வேண்டும் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, அந்த அன்ரியை மனதுக்குள் வைதுகொண்டு நின்றேன்.

அலசி முடித்து உடுப்பு மாற்றும்போதுதான் வெளியே சத்தம் கேட்டது. கதவை நீக்கிப் பார்த்தேன். சேலை தொட்டியின் ஓட்டையை அடைத்திருந்தது. நிரம்பி வழிந்த தண்ணீர் நடைவழிக் கம்பளத்தில் நாலைந்து அறைவாசல் வரைக்கும் போயிருந்தது. யாரோ ஒரு பெடியன், "தேர்ட் ஃப்ளோர், வின்னர்ஸ்!" என்று கைதட்டினான். நாலு பேர் சிரித்தார்கள். என் மகள் முழங்காலில் நின்று துவாயால் ஒற்றிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

பக்கத்தில் இன்னொரு பெண் வாளியில் துவாயைப் பிழிந்துகொண்டிருந்தார். குட்டை முடி, என்னைவிடச் சின்ன வயது. அன்ரி. வழிந்ததை அவர் சாக்கடைக்கு விடவில்லை. செடிகளுக்கு என்று வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு என்ன நடந்ததெண்டு விளங்கேல்லை அன்ரி. இப்பிடி ஒருநாளும் பைப்பை விடமாட்டா."

அவர் தொட்டியில் கிடந்த சேலையை ஒரு தரம் பார்த்தார். "எங்கயாவது சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்களா?"

"சாவு வீடோ? ஒண்டும் சொல்லேல்லை. அதுக்கும் குளிக்கிறதுக்கும் என்ன?"

"அதுவா? அது வந்தும்மா, நம்ம பக்கத்துல..."

வாளியை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அறிவிப்புத் தமிழையும் எடுத்துக்கொள்ளட்டும். இதை விடமாட்டேன். ஈரத் தலையில் சுற்றிய துவாய் அவிழ அவிழ வெளியே வந்தேன்.

"நீங்கள் விடுங்கோ. அதை நான் சொல்லுறன்."

கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் முகம் கோணவில்லை. "ஆமாக்கா, நீங்களே சொல்லுங்க" என்று நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்ரி விட்டுப்போன துவாயை எடுத்து, மகள் பக்கத்தில் ஈரக் கம்பளத்தில் முழங்காலிட்டேன். யாருடைய சாவீடு, அங்கே பெட்டிக்கருகே நின்ற பிள்ளை என்ன சொன்னாள், ஏன் முழுகாமல் இவளைத் தொடவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒற்றுவதை நிறுத்தவில்லை. கடைசியில் மட்டும் நிமிர்ந்தாள்.

"இப்ப தொடலாமே?"

"ஓம்."

ஈரக் கையாலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். லீவுக்கு ஒரு கிழமை வருவதாகச் சொன்னாள். லீவு மூன்று கிழமை, இருபத்தொரு நாள். மற்ற இரண்டும் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.