சித்தப்பா சாப்பிடாத மீன்

எங்கள் சித்தப்பாவின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. லால்குடியில் அவருக்குப் பெண் பேசி முடிக்கும் நேரம் பார்த்தா வரவேண்டும்? சித்தப்பாவுக்கு அந்தப் பெண்ணைப் போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. மீன் சாப்பிட்டுவிட்டுப் பால் குடித்தால்தான் இப்படி வரும் என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பூண்டுகூட வாசற்படி ஏறாத ஸ்ரீரங்கத்துக் குடும்பம் எங்களுடையது. எல்லோரும் திட்டை மறந்துவிட்டு மீனைப் பிடித்துக்கொண்டார்கள்.

சித்தப்பாவுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மத்தியானம் வெளியில்தான் சாப்பாடு. அது போதாதா? சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையை அப்பா மோந்து பார்ப்பார். மீன் எப்படி மணக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"எங்கேடா சாப்பிட்டே? உண்மையைச் சொல்லு."

"பெருமாள் சத்தியமா இல்லேண்ணா."

கடைசியில் பொறுக்கமுடியாமல் சித்தப்பா அப்பாவை டவுன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

"இது குஷ்டம் இல்லைங்க, யாருக்கும் ஒட்டாது," என்றார் டாக்டர். "தோலுக்கு நிறம் கொடுக்கிறது அந்த இடத்துல நின்னுபோச்சு. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியலை. கார்போக அரிசி எண்ணெய் தடவி, காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுங்க. அதிகமானா கொப்புளிச்சிடும். நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

"அப்ப மீன்?" என்றார் அப்பா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

தம்பி மீன் சாப்பிடவில்லை என்று அப்பா வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

லால்குடிக்குக் கிளம்பும்போது அம்மா முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டினாள். சித்தப்பா அரைக்கைச் சட்டையிலேயே வந்தார். பஜ்ஜி வருவதற்கு முன்பே கையை நீட்டி, "இது இருக்கு, பார்த்துக்கோங்கோ," என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். பெண்தான் வாயைத் திறந்தாள்.

"வலிக்குமா?"

"இல்லை," என்றார் சித்தப்பா. தை மாதம் கல்யாணம் நடந்தது.

எங்கள் வீட்டில் அவ்வளவு பேர். கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடையாது. தினமும் காலையில் சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு சித்தப்பாவை மொட்டைமாடிக்கு அழைத்துப்போவாள். வெயில் காட்டி எண்ணெயைத் துடைத்த பிறகும் இருவரும் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். வருஷம் திரும்பியும் திட்டு அப்படியேதான் இருந்தது. அதில் இருவருக்கும் துளிக்கூட வருத்தம் இல்லாதது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பாவம், தனியாக இருக்கிறார்களே என்று நான் தினமும் மாடியேறிப் போய், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வேன்.