அம்மாவின் பாதி மாத்திரை

எங்கள் அம்மா கண்மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கு மகள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அழுது அழுது ஓய்ந்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அக்கரப்பத்தனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, கொழுந்துக்கூடையைத் தூக்கினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் முதல் ஆள் அவர்தான். "வெறும் வயித்தோட அழுதா சத்தம் வராதுடி, குடி" என்று அங்கேயும் ஒரு அதட்டல்.

கொரோனா வந்தபோது நான் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த அப்பா, கடை பூட்டியதும் ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தார். தோட்டத்திலும் வேலைநாள் குறைந்தது. இரவுச் சோறு போய் ரொட்டியும் பால் இல்லாத சாயத்தண்ணியும் வந்தது. பள்ளிக்கூடமும் பூட்டு, பாடமெல்லாம் போனில். வீட்டில் இருந்ததோ ஒரே போன். லயத்தில் சிக்னலும் கிடையாது. தோட்டத்தின் ஐந்தாம் நம்பர் மலை உச்சியில்தான் கிடைக்கும்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அம்மா போய் நின்றார்.

"வேலைக்குப் பேர் பதியாத புள்ள மலையில நிக்கக்கூடாதும்மா. விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா நான் தூக்கிக்கிறேங்கய்யா. படிக்கிற புள்ள. ஒரு ஓரமா நின்னுட்டுப் போகட்டும்."

அப்படித்தான் நான் படித்தேன். கீழே தேயிலை நிரையில் அம்மா கொழுந்தெடுப்பார். மேலே மழைக்குப் பழைய படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு நான் நிற்பேன். "பாடம் நடக்கறப்ப யாரு கூப்பிட்டாலும் வெட்டிவிடு. ஒன் சோலியப் பாரு" என்பது அம்மாவின் உத்தரவு.

அம்மாவுக்குப் பிரஷர் இருந்தது. மாதாமாதம் நுவரெலியா கிளினிக்கில் மாத்திரை எடுப்பார். ஊரடங்கில் பஸ் ஓட்டம் நின்றுபோனதும், கையிலிருந்த மாத்திரைகளைக் கத்தியால் பாதி பாதியாக வெட்ட ஆரம்பித்தார். கேட்டால், "பாதிக்கே நல்லாத்தான்டி இருக்கு. முழுசாப் போட்டா தூக்கமா வருது" என்றார். பொய் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் பாடத்தின் நடுவே தெரியாத நம்பரிலிருந்து மூன்று தடவை கோல் வந்தது. மூன்று தடவையும் வெட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராச் சின்னம்மாவுக்குத் தபாலில் மாத்திரை வந்தது.

"மலையில நிக்கறப்ப கிளினிக்ல இருந்து ஒரு நர்ஸம்மா கோல் எடுத்து விலாசம் கேட்டாங்களேக்கா, ஒங்களுக்கு வரலையா?"

"வரலையே. நம்ம பேரு விட்டுப்போச்சு போல" என்றார் அம்மா.

சின்னம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். அதே நம்பர். மறுநாள் மலைக்குப் போய் நானே அந்த நம்பருக்கு எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை. அத்தோடு விட்டேன். சொன்னால் அப்பா போனைப் பிடுங்கிவிடுவார், படிப்பு போய்விடும் என்று பயம். பாதி மாத்திரையும் ஒருநாள் தீர்ந்துபோனது.

பரீட்சை எழுதினேன், பாஸானேன். இன்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அம்மா பிறகு கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனார். ஆனாலும் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மாத்திரை விட்டதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியாக வார்டில் என் கையைப் பிடித்து, "இஸ்கோலுக்கு நேரமாச்சு, போம்மா" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

குழி வெட்டியவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு வேன் கொடுத்தவர்களுக்கும், எட்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்ட லயத்துச் சனங்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். கருமாதியன்று, "மாத்திரைய ஒழுங்காப் போடாத, கவனமில்லாத பொம்பள" என்று உங்களில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அப்படிப் பேசாதீர்கள்.

கிளினிக்கிலிருந்து மூன்று தடவை அழைத்த, முகம் தெரியாத அந்தப் புண்ணியவதிக்கும் நன்றி. எங்கள் அம்மாவின் பேர் விட்டுப்போகவில்லை. கோலை வெட்டியது நான்.