கூப்பிடு தூரம்

ரோடு போடும் இடத்தில் தார் கொதிக்கிற வாசம் வந்தால், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கால் நனைந்துவிடுகிறது. போன மாதம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டிரம்மில் தார் உருகிக்கொண்டிருந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இழுத்து இழுத்து மோந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

நாகமரைத் துறையின் வாசம் அது. மூங்கிலில் முடைந்து, தோல் போர்த்தி, ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தார் பூசி, வெயிலில் கவிழ்த்து வைத்த பரிசல்கள். எதிரே மேட்டூர் அணையின் தண்ணீர். அதற்கு அந்தாண்டை பண்ணவாடிக் கரை. அக்காவைக் கட்டிக்கொடுத்த கரை.

அணை கட்டுவதற்கு முன்னால் இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர் இருந்தது. அப்பா அங்கே பிறந்தவர். கோடையில் காவிரி முழங்கால் அளவு ஓடும்போது இறங்கி நடந்து, அக்கரை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனவர். தண்ணீர் தேங்கியபோது சனத்தில் பாதி இந்தக் கரையில் மேடேறியது, பாதி அந்தக் கரையில். அப்பாவின் கணக்கில் மட்டும் ஊர் பிரியவே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்தும் பண்ணவாடிப் பக்கத்தை அவர் மேலத்தெரு என்றுதான் சொல்வார். தண்ணீர் வற்றும் காலத்தில் அந்த மாதா கோயிலின் கோபுரம் சேற்றை அப்பிக்கொண்டு வெளியே வரும். "பாத்தியா, எங்கியும் போவல" என்பார்.

அந்தக் கோபுரம் அடிவரை தெரிந்த ஒரு கோடையில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். தண்ணீர் ஒடுங்கிப் பழைய ஆறாகிவிட்டிருந்தது. பரிசலில் உட்கார்ந்து முந்தானையைச் செருகி நிமிர்வதற்குள் அக்கரை வந்துவிடும். அதிகம் வாய் திறக்காத அக்கா அன்றைக்குத் திறந்தாள்.

"அந்தாண்ட நின்னு நான் கூப்ட்டா அம்மாவுக்குக் கேக்கணும். கேக்கும்னா கட்டிக்கறேன்."

"கூப்புடு தூரம்டி! நம்ம மேலத்தெரு!" என்றார் அப்பா. சொன்னதோடு விடவில்லை. மறுநாள் அவரே அக்கரைக்குப் போய், வாயில் கையைக் குவித்து, அம்மாவைக் கூப்பிட்டார். "ஏய்ய்ய்! கேக்குதா?"

அம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "கேக்குது, கேக்குது! ஊருக்கே கேக்குது! வந்து சோத்தைத் தின்னுங்க!"

துறையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாயிற்று.

வைகாசியில் தாலி ஏறியது. அதற்கப்புறம், மேட்டில் கட்டிய புதுக் கோயிலில் சாயந்திர மூவேளைச் செப மணி அடித்ததும் அம்மா கரைக்கு வந்துவிடுவாள். அந்தப் பக்கம் அக்கா குடத்தோடு வருவாள்.

"அம்மோவ்!"

"என்னடி ஆக்குன?"

"களியும் கீரையும்!"

"மாமியா எப்படி நடத்துறா?"

அக்கா குடத்தைத் தண்ணீரில் அமுக்கக் குனிந்துவிடுவாள். நடுத்தண்ணீரில் வரும் பரிசல்காரர்தான் துடுப்பை நிறுத்திவிட்டுச் சொல்வார். "அதைக் கத்திச் சொல்ல முடியுங்களா ஆத்தா? மாமியாளுக்கும்ல கேக்கும்!"

நாங்கள் வேதக்காரர்கள், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவதை மட்டும் எங்களில் யாரும் விட்டதில்லை. அக்கா வந்தாள். அவள் வந்த வாரமே மைசூர்ப் பக்கத்து மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து சேர்ந்தது. கோபுரத்தின் வாசற்படி போயிற்று. மணி தொங்கின வளைவு போயிற்று. வற்றின நிலத்தில் நாங்கள் விதைத்த சோளத்தை மூழ்கடித்து, தண்ணீர் துறையை மேலே மேலே தள்ளிக்கொண்டு வந்தது. அக்கா காலையில் பல் விளக்கும் சாக்கில் போய்ப் பார்ப்பாள். ஒருநாள் சிலுவையையும் காணோம். எதிர்க்கரை ஒரு கோடாகிவிட்டது. அங்கே குடம் தூக்குகிறவர்கள் எறும்பாகிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் அப்பா கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். தண்ணீர் அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டது. "காத்து எதுருல அடிக்குது" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். வருஷா வருஷம் தண்ணீர் ஏறுவதைப் பார்த்த மனுஷன்தான். பார்த்திருந்தும், மகளைக் கொடுக்கிறபோது அடியில் கிடந்த ஊரை வைத்தே தூரத்தை அளந்துவிட்டார். இந்தக் கரைக்காரர்களில் எத்தனை பேர் அப்படி அளந்து கொடுத்தார்களோ.

ஆவணி பிறந்ததும் அக்காவைக் கொண்டுபோய் விட நான் துணைக்குப் போனேன். அப்பா துறைக்கு வரவில்லை. அம்மா கணுக்கால் தண்ணீர்வரை இறங்கி நின்றாள்.

"ஒரு சுத்து சுத்தட்டுங்களா கண்ணு? மாமியா வூடு எந்தப் பக்கம்னே மறந்துபோவும்" என்றார் பரிசல்காரர்.

"சுத்துங்கண்ணா" என்றாள் அக்கா. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. துடுப்பை ஒரு பக்கமே போட்டார். அம்மா நின்ற கரை வந்தது, போயிற்று. மறுபடி வந்தது, போயிற்று. நடுவில் ஓரிடத்தில் பரிசலை மெதுவாக்கி, "கோபுரம் இங்கதான், கீழ" என்றார். அக்கா தண்ணீரில் கையை விட்டு அளைந்தபடியே வந்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க, மணி அடித்ததும் அம்மா கரைக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். அவள் அடுப்பைக் கவனிக்கப் போவாள். அடுத்த கோடையில் கோபுரம் வெளியே வந்தது. அதற்குள் மாமா வேலை தேடி அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டார். அப்பா கரைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மேலத்தெரு என்ற பேச்சும் அவர் வாயிலிருந்து அப்புறம் வந்ததில்லை.

அக்கா இன்றும் இருக்கிறாள். கல்யாணம், கருமாதி என்று பஸ் ஏறி வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், விலைவாசி பேசுகிறாள். அந்த 'அம்மோவ்' மட்டும் அவள் தொண்டையிலிருந்து பிறகு வரவே இல்லை. நானும் எத்தனையோ வீடு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாள் சாயந்திரம் வாசலில் நின்று பார்க்கிறேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று.

ஆவணியில் கொண்டுபோய் விட்ட அன்றைக்குப் பண்ணவாடிக் கரையில் அக்கா சேற்றில் இறங்கினாள். முறுக்குப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, தார் ஒட்டும் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சாயந்தரம் மணியடிச்சதும் நான் கூப்புடுவேன் புள்ள. அம்மாவுக்குக் கேக்காது. உனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லிடு."