கப்பல் கஷாயம்

எங்கள் ஊரில் யாராவது குளிர் அடிக்கிறது என்று சொன்னால் டிசம்பர் மாதம் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். குளிர் அடிக்கிறது என்று அர்த்தம் இல்லை. திசையன்விளையில் பஸ் ஏறிக் கடலைப் பார்த்துப் போனால், பஸ் இதற்கு மேல் போக வழியில்லை என்று நிற்கும் இடம் எங்கள் ஊர். மழை ஓய்ந்து காற்று லேசாகத் திரும்பியதும் ஆண்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு காலைப் பூசைக்கு வருவார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். மப்ளரை மட்டும் கழற்ற மாட்டார்கள்.

உண்மையான குளிரைப் பார்த்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான், அப்பாவின் தம்பி. பயணிகள் கப்பலில் மது கலந்து பரிமாறும் வேலை அவருக்கு. ஊரில் கேட்டால் 'கப்பல்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பனி உறைந்த கடல்களின் ஓரமாகப் போகிற கப்பல் அது. மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு மூக்கு சிவக்க இறங்கி வருகிற வெள்ளைக்காரர்களின் கையில் சூடான ரம் கலவையைக் கொடுப்பது சித்தப்பாவின் பொறுப்பு. நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அவருக்குக் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடைத்தது. பெட்டியில் சாக்லேட்டுக்குக் கீழே பாட்டில்களும் வந்தன.

மாலையானால் அடுப்படியை அவர் பிடித்துக்கொள்வார். கப்பலில் பழுப்புச் சர்க்கரை போடுவார்களாம். இங்கே உடன்குடிக் கருப்பட்டி. தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, கிராம்பு, பட்டை, தட்டிய மிளகு போட்டு, ஆரஞ்சுத் தோலை வாட்டிப் போட்டு, கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய். வாசனை தெருமுனை வரைக்கும் போகும். சட்டையில்லாமல், வேர்த்து ஒழுகிக்கொண்டு, குளிருக்கான பானத்தை அவர் கிண்டுவதை நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்போம்.

"அடுப்ப அணைச்சிட்டுத்தான் ரம்ம ஊத்தணும் மதினி. கொதிக்கவிட்டா சரக்கெல்லாம் ஆவியாப் போயிரும்" என்பார் அம்மாவிடம்.

"போனா போட்டும்" என்பாள் அம்மா.

அவளுக்கு அந்தப் பாட்டில்களைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் அப்பா. அப்பாவின் குடியைப் பற்றி எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. முந்திய வருஷம் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர்கள் வந்து பேசினார்கள். கோயிலில் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு இனித் தொடமாட்டேன் என்று அப்பா பீடத்துக்கு முன்னால் வார்த்தை கொடுத்தார். பக்கத்தில் சாட்சியாக நின்றவர் உபதேசியார், சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். அம்மா திரும்பி வந்தாள். வந்த அன்று வாசல்படியில் வைத்தே அப்பாவிடம் சொன்னாள்: "இனி ஒரு சொட்டு உள்ள போனா பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு கூப்பிட ஆள் அனுப்பாண்டாம்."

அதிலிருந்து ஒரு சட்டத்தை நானாகப் புரிந்துகொண்டேன். இந்த வீட்டில் யார் குடித்தாலும் யாராவது ஊரைவிட்டுப் போக வேண்டும். சித்தப்பா குடித்தார், விடுமுறை முடிந்ததும் கப்பலுக்குப் போகப் போகிறார். சட்டம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கப்பல்காரர் வீட்டில் இருக்கும்போது சாயங்காலம் நாலு பேர் வராமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் நடுவில் அப்பா வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது சித்தப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணனுக்கென்று ஒரு வழி செய்தார். கருப்பட்டிச் சாற்றை இரண்டு சருவங்களில் பிரிப்பார். பெரிய சருவத்தில் ரம். சின்னச் சருவத்தில் ரம்முக்குப் பதிலாகச் சுக்கும், தொண்டை எரிய இன்னும் கொஞ்சம் மிளகும். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே ஆவி. வந்தவர்கள் குடித்ததற்குக் கப்பல் கஷாயம் என்று பெயர். அப்பா குடித்தது நிஜமாகவே கஷாயம். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேலி செய்வதில்லை. வாக்குக்குச் சாட்சியாக நின்ற உபதேசியாரும் வந்து, நெஞ்சுச் சளிக்கு என்று சொல்லிக்கொண்டு பெரிய சருவத்திலிருந்து வாங்கிக் குடிப்பார். அந்த டிசம்பர் முழுக்க அவருக்குச் சளி இருந்தது.

அப்பாவின் டம்ளர் மாறிவிடக் கூடாது என்று விளிம்பு நசுங்கிய டம்ளரை அம்மா ஒதுக்கி வைத்திருந்தாள். தட்டில் வைத்து வெளியே அனுப்புவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பாள். இனிப்பு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்னால் ஒரு சாயங்காலம். நான் அடுப்படி மூலையில் உட்கார்ந்து குடிலுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா எல்லாவற்றையும் கலந்து மூடிவைத்துவிட்டு வாசலில் நட்சத்திர விளக்கு கட்டப் போயிருந்தார். தூறல் விழுந்தது. மாடியில் காயப்போட்ட கருவாட்டை அள்ள அம்மா ஓடினாள். அப்பா உள்ளே வந்தார்.

"அம்ம எங்கட்டி?"

"கருவாடு எடுக்கப் போயிருக்கா."

அப்பா நசுங்கிய டம்ளரை எடுத்தார். பெரிய சருவத்தின் மூடியைத் தூக்கி, கரண்டியால் மொண்டு, டம்ளர் நிறைய ஊற்றினார். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. பெரியதில்தான் நிறைய இருந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது வாசலிலிருந்து சித்தப்பாவின் சத்தம் கேட்டது: "அண்ணே, உபதேசியார் வந்திருக்காரு." அப்பா டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அம்மா வந்தாள். கருவாட்டைக் கொட்டிவிட்டு, தட்டில் டம்ளர் நிறைந்திருப்பதைப் பார்த்து, வழக்கம்போல எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். அப்படியே நின்றாள். பெரிய சருவத்தின் மூடி ஒருக்களித்துக் கிடந்தது.

"இத யாருட்டி ஊத்துனது?"

"அப்பா."

"அப்பா குடிச்சாவளா?"

"இல்ல. உபதேசியார் வந்துட்டாருன்னு போயிட்டாவ."

டம்ளரோடு அங்கணத்தை நோக்கி, பாத்திரம் கழுவும் பக்கம், இரண்டு எட்டு வைத்தாள். அதற்குள் சித்தி உள்ளே வந்தாள், சித்தப்பாவின் மனைவி. "அக்கா, தட்டக் குடுங்க. வெளிய கேக்காவ." நசுங்கிய டம்ளர் யாருடையது என்று சித்திக்கும் தெரியும். அவள் முன்னால் கீழே ஊற்றினால், அதில் என்ன இருந்தது என்று மணத்தாலேயே சித்திக்கும், ராத்திரிக்குள் சித்தப்பாவுக்கும், விடிவதற்குள் தெருவுக்கும் தெரிந்துவிடும். அதெல்லாம் இன்று எனக்குத் தோன்றுவது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி, பேதி மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு, டம்ளரில் இருந்த முழுவதையும் குடித்தாள்.

"என்னக்கா, கண்ணெல்லாம் கலங்கிருக்கு?"

"மொளகு" என்றாள் அம்மா. டம்ளரைக் கழுவி, சின்னச் சருவத்திலிருந்து நிரப்பித் தட்டில் வைத்தாள். மற்றவற்றைச் சித்தி நிரப்பிக்கொண்டு போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். அப்பா தன் டம்ளரைக் கொஞ்சம் அவசரமாகவே எடுத்தார். ஒரு மடக்கு குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் நிற்கவில்லை.

"என்ன வே, காரம் கூடிப்போச்சா?" என்று கேட்டார் உபதேசியார்.

"இல்ல. சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. அதைக் கடைசி வரைக்கும் பையக் குடித்தார்.

உள்ளே அம்மா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் சிரித்தாள், உடனே மூக்கை உறிஞ்சினாள். அன்றைய மீன்குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அப்பா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா தலை வலிக்கிறது என்று சீக்கிரமே படுத்துவிட்டாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பெரிய சருவத்துச் சரக்கு என்று உறைத்தது. அம்மா குடித்துவிட்டாள். ஒரு சொட்டு இல்லை, ஒரு டம்ளர். சட்டப்படி இனி அவள் போக வேண்டும். எங்களையும் கூட்டிக்கொண்டு போவாளா, அல்லது குடித்தவள் என்பதால் தனியாகப் போக வேண்டியிருக்குமா என்பது தெரியவில்லை. தம்பியிடம் கேட்கலாம் என்றால் அவனுக்கு நாலு வயது.

காலையில் அப்பா வீட்டுக்குப் பின்னால் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அம்மாவத் தூத்துக்குடிக்கு அனுப்பிராதிய."

அவர் நிமிரவில்லை. "அவள எதுக்குட்டி அனுப்பணும்?"

"நேத்து அவ குடிச்சிட்டா. ஒங்க டம்ளர்ல இருந்தத."

கை நின்றது. "கீழ ஊத்தலையா?"

"இல்ல. சித்தி வந்துட்டாவ. சொவரப் பாத்துத் திரும்பி நின்னு பூராத்தையும் குடிச்சிட்டா."

"சித்திட்ட என்ன சொன்னா?"

"மொளகுன்னு சொன்னா."

அப்பா வலையை மடியிலிருந்து இறக்கிவைத்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பின்னும் கண் ஈரமாகவே இருந்தது. அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று அவருக்கு அவ்வளவு வருத்தம் என்று நினைத்தேன்.

"அவ எங்கயும் போமாட்டா" என்றார் கடைசியில். "நீ இத யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அம்மாவை இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டாரே என்று எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்லும்போது, முழங்காலில் நின்று, யாருக்கும் கேட்காமல், அம்மாவுக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று மாதாவிடம் மன்றாடினேன்.