பாதியில் மூடிய திருப்பாடல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி மேஜை. நீராவி கிளம்பிவிட்டால் எதிரே நிற்பவர் முகம்கூட மங்கிப்போகும். விரிப்புகள் மட்டும் வெள்ளை வெள்ளையாய் மிதந்து வரும். அந்த மூட்டத்துக்குள் அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ‘முணுமுணுப்பு அக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். முணுமுணுத்தது விவிலியத்தின் திருப்பாடல்.

குடும்பத்தில் இருந்தபடியே பெனடிக்ட் சபை ஒழுங்கின்படி வாழ்வதாக மடத்தில் வாக்குக் கொடுத்தவள் அவள். வேளை தவறாத செபம், கைவேலையில் கவனம், வாசலுக்கு வருபவரைக் கிறிஸ்துவாகவே ஏற்பது. முதல் இரண்டும் கைவந்துவிட்டன. மூன்றாவதைச் சொன்னால் கணவர் சிரிப்பார்: “நம்ம வீட்டுக்கு யாரு வர்றா, கேஸ்காரரைத் தவிர?”

ஒரு பிற்பகல், மூன்று மணி செபத்தின் நடுவே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நாத்தனார். ஒன்பது வருடத்துக்கு முன், மாமனாரின் சவப்பெட்டி அருகே நின்று, “நீங்க பாத்த லட்சணத்துலதான் அப்பா போயிட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனவள்.

“நாளைக்குக் கண் ஆபரேஷன். உங்க ஆஸ்பத்திரிலதான். பயமா இருக்கு, அண்ணி.”

கிறிஸ்து வேறு யார் முகத்திலாவது வந்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு. இன்னும் நாலு வரிதான், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. புத்தகத்தை மூடினாள்.

“உள்ள வாம்மா.”

கட்டிலில் சாய்ந்த நாத்தனார், “செபத்தக் கெடுத்துட்டேனா? சத்தமா சொல்லுங்க, நானும் சொல்றேன்” என்றாள்.

மடத்தில் இரண்டு வரிசையாக நின்று, ஒரு வரி இந்தப் பக்கம், மறு வரி அந்தப் பக்கம் பாடுவார்கள். வீட்டில் தனியே சொல்லும்போது மறுபக்கத்துக்காக ஒரு மூச்சு விடுவாள். இன்று அந்த இடத்தில் ஒரு குரல், அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னது. திரைச்சீலை காற்றில் உப்பி அடங்கியது. வெயில் தரையில் தண்ணீர்போல் ஆடியது. நேரம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் அந்தக் குரல் தேய்ந்து, ஒரு வரிக்குப் பதிலாக வேறொன்று வந்தது.

“அப்பாவ நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க.”

அவள் ஒரு மூச்சு விட்டு, அடுத்த வரியைத் தொடங்கினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினோரு நாள் தங்கிய நாத்தனார், தினமும் டீயில் சர்க்கரை போதவில்லை என்றாள். கட்டு அவிழ்த்த அன்று அண்ணியை உற்றுப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, தலை இப்படி வெளுத்துப்போச்சு!”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.